டிஸ்சார்ஜ் சீட்டில் பாதத்துக்கும் ஒரு வரி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 30 வாரத்தில் பிறந்து இன்குபேட்டரில் கிடக்கும் குழந்தையின் பாதம் உள்பக்கம் மடங்கியிருப்பது தெரிந்ததும் வீட்டில் இரண்டு பேச்சு கிளம்பும். 'கிரகணத்தன்று வெளியே போயிருப்பாள்' என்பது ஒன்று. 'உடனே மாவுக்கட்டுப் போடச் சொல்லுங்கள், விட்டால் எலும்பு முற்றிவிடும்' என்பது இன்னொன்று. முதலாவதில் துளியும் உண்மை இல்லை. இரண்டாவதில் பாதி உண்மை இருக்கிறது. அதனால் அதைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

வளைபாதத்துக்கு, பேச்சு வழக்கில் கோணக்காலுக்கு, நிறைமாதக் குழந்தையென்றால் முதல் ஓரிரு வாரத்திலேயே கட்டுப் போடத் தொடங்குவது நல்லது. அதே கணக்கை 1,200 கிராம் குழந்தைக்கும் போடுவதுதான் பிழை. சில வாரம் பொறுத்தால் பாதம் கெட்டுவிடாது. மூன்று நான்கு மாதம் கழித்து வரும் குழந்தைகளுக்கும், நடக்கத் தொடங்கிய பிறகு வருபவர்களுக்கும்கூட இதே முறையில் பாதம் திரும்புகிறது. தாங்காத உடம்பில், பிடிமானமில்லாத பாதத்தில் அவசரமாகப் போட்ட கட்டு கெடுதல் செய்யும். அதைவிடப் பெரிய கெடுதல் வேறு: 'அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்று சொல்லிவிட்டு, அந்த அப்புறம் எந்தத் தேதி என்று யாரும் எழுதாமல் விடுவது.

ஏறத்தாழ ஆயிரம் பிறப்புக்கு ஒன்று என்ற அளவில் வரும் குறை இது. ஆண் குழந்தைகளுக்கு இரண்டு மடங்கு அதிகம். பாதிப் பேருக்கு இரண்டு பாதத்திலும் இருக்கும். இதற்கு இன்று உலகெங்கும் கைக்கொள்ளும் முறை, அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் இக்னாசியோ பான்செட்டி 1940களின் இறுதியில் தொடங்கியது. வாரம் ஒரு மாவுக்கட்டு, மொத்தம் ஐந்தாறு, பெரும்பாலோருக்குக் கடைசியில் குதிகால் தசைநாணில் ஒரு சிறு வெட்டு, பிறகு இரண்டு காலையும் இணைக்கும் கம்பி வைத்த ஷூ. அவ்வளவுதான். அவர் சொன்னதை மற்ற மருத்துவர்கள் பரவலாக ஏற்க 1990கள் ஆனது. அதுவரை பாதத்தின் உள்பக்கத்தையும் பின்பக்கத்தையும் திறந்து மூட்டுகளை விடுவிக்கும் பெரிய அறுவைதான் வழக்கம். அப்படி அறுத்த பாதங்கள் பல, ஆள் வளர்ந்த பிறகு விறைத்து வலித்தன. பான்செட்டி முறையில் திருப்பிய பாதங்களை 30 ஆண்டுக்கு மேல் கழித்துப் பார்த்து 1995இல் வெளியிட்ட ஆய்வில் 78 சதவீதம் பேருக்குப் பாதம் நன்றாக இருந்தது. பிறவிக் குறையே இல்லாதவர்களை ஒப்பிடச் சோதித்தபோது அவர்களுக்கே 85 சதவீதம்தான்.

குறைமாதக் குழந்தையிடம் இதை ஏன் அப்படியே செய்ய முடியாது? தீவிர சிகிச்சைப் பிரிவில் பாதம் மருத்துவர்களுக்கு வேண்டிய இடம். ஆக்சிஜன் அளவு பார்க்கும் கருவியைப் பாதத்தில் மாட்டுகிறார்கள். சர்க்கரைக்கும் மஞ்சள் காமாலைக்கும் குதிகாலில் குத்தித்தான் ரத்தம் எடுக்கிறார்கள். டிரிப் ஊசிக்குக் கையில் நரம்பு கிடைக்காவிட்டால் காலுக்குத்தான் வருவார்கள். இரண்டு காலையும் தொடை வரை மூடிவிட்டால் இதையெல்லாம் எங்கே செய்வது? தோலும் மெல்லியது, பஞ்சு சற்று மடங்கினாலும் புண். பிளாஸ்திரி ஒட்டிப் பாதத்தை இழுத்து வைப்பதும் வேண்டாம், பிரிக்கும்போது தோல் சேர்ந்து வந்துவிடும். ஈர மாவு முதலில் சூடாகும், பிறகு காயும்வரை உடம்புச் சூட்டை இழுக்கும்; உடல் வெப்பத்தைக் காத்துக்கொள்ளத் தெரியாத குழந்தைக்கு இரண்டுமே ஆகாது. எலும்பின் கதையும் இருக்கிறது. கருவின் எலும்பில் படியும் கால்சியத்தில் சுமார் 80 சதவீதம் கடைசி மூன்று மாதத்தில்தான் சேர்கிறது. அதற்குள் பிறந்துவிட்ட குழந்தைக்கு எலும்பு வலுவற்றிருக்கும். முரட்டுத்தனமாகத் திருப்பினால் முறியும். ரத்தத்தில் பாஸ்பரஸ் குறைந்து ஆல்கலைன் பாஸ்படேஸ் என்ற நொதி ஏறியிருந்தால் குழந்தை மருத்துவரைக் கேட்காமல் பாதத்தில் கை வைக்கக் கூடாது.

காத்திருக்கும் நாட்களில் சும்மா இருக்க வேண்டியதில்லை. இது உண்மையான வளைபாதமா, கருப்பையில் நீர் குறைந்து நெருக்குண்டதால் திரும்பிய பாதமா என்று பிரித்துப் பார்க்கலாம். இரண்டாவது வகையில் மெல்லப் பிடித்தால் பாதம் நேராகவே வந்துவிடும், குதிகாலும் இறங்கும். அதற்குக் கட்டுத் தேவையில்லை. முதுகுத்தண்டில் குழியோ மயிர்க்கற்றையோ இருக்கிறதா, இடுப்பு மூட்டு விலகியிருக்கிறதா, கை விரல் மணிக்கட்டு விறைத்திருக்கிறதா என்றும் பார்த்துவிட வேண்டும். வளைபாதம் வேறொரு நோயின் பகுதியாக வந்திருந்தால் கட்டின் எண்ணிக்கையும் கூடும், திரும்ப வளையும் வாய்ப்பும் கூடும். பாட்டிமார் எண்ணெய் போட்டு உருவிவிட வேண்டாம். உருவுவதால் இந்தப் பாதம் திரும்பாது.

எப்போது தொடங்கலாம் என்பதற்கு எடையை மட்டும் வைத்து விடை சொல்பவர்களோடு எங்களுக்கு உடன்பாடில்லை. வென்டிலேட்டரும் ஊசிக்குழாயும் போய், இன்குபேட்டருக்கு வெளியே உடல் சூடு நிலைத்து, தினமும் எடை ஏறி, காலில் நீர்வீக்கம் இல்லாமலிருந்தால் பாதத்தைப் பார்க்க வேண்டும். குதிகால் விரலில் அகப்படுகிறதா? கட்டு பிடித்து நிற்க அதில் ஒரு முனைப்பு இருக்கிறதா? இருந்தால் தொடங்கலாம். பெரும்பாலும் அது வீட்டுக்கு அனுப்பும் சமயமாகவோ அதை ஒட்டிய வாரங்களாகவோ அமையும்.

கட்டுப் போட இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பிடிக்க, ஒருவர் சுற்ற. குழந்தை பால் குடித்துக்கொண்டிருக்க வேண்டும். அழும் குழந்தைக்குப் போட்ட கட்டு எளிதில் தளரும். 5 செ.மீ. அகல மாவுத்துணியே பெரிது, நீளவாக்கில் பாதியாக வெட்டிக்கொள்வது நல்லது. தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் போதும். சூடு கூடினால் மாவும் அதிகமாகச் சுடும். பஞ்சு மெல்லிசாக ஒரே சுற்று. 'சின்னக் குழந்தை, உறுத்துமே' என்று பஞ்சைத் தடிமனாக வைப்பவர்கள் உண்டு. அந்தப் பஞ்சு அமுங்கியதும் உள்ளே இடம் விழுந்து கட்டு நழுவும்.

முதல் கட்டில் பாதத்தை வெளிப்பக்கம் திருப்பப் பார்க்கக் கூடாது. பெருவிரல் பக்கத்தை மேலே தூக்கி, உள்ளங்கால் குழிவை மட்டும் எடுக்க வேண்டும். பார்ப்பவருக்குப் பாதம் இன்னும் கோணலானது போலிருக்கும், அதுதான் சரி. அடுத்தடுத்த வாரங்களில்தான் வெளிப்பக்கத் திருப்பல். இங்கே கட்டைவிரல் எங்கே இருக்கிறது என்பதில் எல்லாம் அடங்கியிருக்கிறது. வெளிக் கணுக்கால் முண்டுக்குச் சற்று முன்னால் தடவினால் டேலஸ் என்ற கணுக்கால் எலும்பின் தலை உருண்டையாகத் தட்டுப்படும். அதன் மேல் கட்டைவிரலை வைத்து அசையாமல் நிறுத்திக்கொண்டு, மறு கையால் முன்பாதத்தை வெளியே கொண்டுபோக வேண்டும். விரலை இன்னும் முன்னே தள்ளிப் பாதத்தின் வெளிவிளிம்பு நடுவில் வைத்துவிட்டால் குதிகால் திரும்பாது. கைட் என்ற அமெரிக்க மருத்துவரின் பழைய முறையில் கட்டுகள் மாதக்கணக்கில் நீண்டதற்கு அந்த விரல்தான் காரணம் என்று பான்செட்டி எழுதினார். குதிகாலைக் கையால் பிடிக்கவே வேண்டாம், அது தானாகச் சேர்ந்து வரும். குதிகால் இறங்கட்டும் என்று முன்பாதத்தை மேலே அழுத்துவதும் கூடாது. குறைமாதக் குழந்தையின் பாதம் நடுவில் ஒடிந்து, அடிப்பகுதி படகுபோல் பிதுங்கிவிடும்.

முழங்கால் வரை முதலில் சுற்றி, மாவு இறுகியபின் முழங்காலை 90 பாகை மடித்துத் தொடை இடுக்கு வரை சுற்ற வேண்டும். 'பாவம், சின்னக் கால்' என்று முழங்காலோடு நிறுத்தினால் கட்டு கழன்று வரும், பாதமும் உள்ளே திரும்பும். விரல்களின் மேல்பக்கம் திறந்திருக்க வேண்டும். கீழே ஒரு பலகைபோல் மாவு நீண்டிருக்கலாம்.

வீட்டில் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று என்றால், விரல். கட்டு போட்ட அன்று விரல்கள் எவ்வளவு வெளியே தெரிகின்றன என்று செல்போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். மறுநாள் விரல்கள் உள்ளே போனதுபோல் தெரிந்தால் கட்டு நழுவுகிறது, கால் உள்ளே ஏறுகிறது. அடுத்த வாரச் சந்திப்பு வரை காத்திருக்காமல் அன்றே கழற்ற வேண்டும். நழுவிய கட்டுக்குள் ஒரு வாரம் கிடந்த பாதம் வேறுவிதமாக மாறிவிடும்: குட்டையாக, தடித்து, உள்ளங்காலில் குறுக்கே ஆழமான மடிப்பு, பெருவிரல் சுருங்கி மேலே தூக்கிக்கொண்டு. அதன் பிறகு சாதாரண முறை செல்லாது. வெளித்திருப்பல் 70 பாகைக்குப் பதில் 30, 40இல் நிறுத்தி, முழங்காலை 110 பாகை மடித்துத் தனி முறையில் போட வேண்டியிருக்கும். விரல் நீலமாகவோ வெளுத்தோ போனாலும், அழுத்தி விட்டதும் இரண்டு மூன்று நொடிக்குள் சிவப்பு திரும்பாவிட்டாலும், நள்ளிரவானாலும் கட்டைப் பிரிக்க வேண்டும்.

வாரம் ஒருமுறை கட்டு மாற்றும் நாளை இன்னும் இரண்டு வேலைக்குப் பயன்படுத்தலாம். பழைய கட்டு எடுத்ததும் புதிது போடுமுன் எடை பாருங்கள்; குறைமாதக் குழந்தையின் வளர்ச்சியைக் கிராம் கணக்கில் பார்க்கிறோம், மாவையும் சேர்த்து நிறுத்தால் கணக்கு பொய்யாகும். தொடையில் போடும் 6, 10, 14 வாரத் தடுப்பூசிகளையும் அன்றே போட்டுவிடலாம். குறைமாதம் என்பதற்காகத் தடுப்பூசியைத் தள்ள வேண்டியதில்லை. பிறந்த தேதியிலிருந்துதான் கணக்கு. கட்டை முந்தைய இரவே வீட்டில் ஊறவைத்து எடுத்துவிடாதீர்கள். ஓர் இரவில் பாதம் பழைய பக்கம் திரும்பப் பார்க்கும். மருத்துவமனையில் வெதுவெதுப்பான ஈரத்துணி சுற்றி ஊறவைத்துப் பிரிப்பதே போதும். ரம்பம் வேண்டாம்.

குதிகால் வெட்டைப் பற்றி. 'நரம்பை வெட்டப் போகிறார்கள்' என்று கேள்விப்பட்டு எழுந்து போய்விடும் பெற்றோர் இருக்கிறார்கள். வெட்டுவது நரம்பு அல்ல, தசையை எலும்போடு கட்டும் நாண். பத்தில் எட்டு ஒன்பது பாதங்களுக்கு இது தேவைப்படும். பாதம் வெளியே 60 பாகைக்கு மேல் திரும்பிவிட்டது, குதிகால் மட்டும் இறங்கவில்லை என்றால் அதுதான் நேரம். இந்த இடத்தில் குறைமாதக் குழந்தைக்கு முழு மயக்கம் கொடுக்காமலிருப்பதே நல்லது. தாயின் கடைசி மாதவிலக்கிலிருந்து எண்ணி 60 வாரம் ஆகும் வரை, மயக்கத்துக்குப் பின் மூச்சு நின்று நின்று வரும் ஆபத்து இருக்கிறது. லிக்னோகெயின் மரப்பு ஊசி போதும், கிலோவுக்கு 3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. 2.5 கிலோ குழந்தைக்கு 1 சதவீத மருந்தில் அது முக்கால் மில்லிதான். அதிலும் குறைவாகப் போடுவது நல்லது, மருந்து தேங்கினால் நாண் விரலுக்குத் தட்டுப்படாது. வெட்டியதும் 'டப்' என்று விடுபடுவது கைக்குத் தெரியும். பாதம் 15, 20 பாகை மேலேறும். தையல் கிடையாது. பிறகு மூன்று வாரத்துக்கு ஒரே கட்டு, அதற்குள் நாண் நீண்ட நிலையில் சேர்ந்துவிடும். கட்டின் மேல் சிறு ரத்தக்கறை இயல்பு; பரவிக்கொண்டே போனால் உடனே வாருங்கள்.

சிகிச்சை தோற்பது பெரும்பாலும் இதற்குப் பிறகுதான். பாதம் நேரானதும் எல்லோருக்கும் நிம்மதி, கம்பி வைத்த ஷூ பரணுக்குப் போய்விடும். மூன்று மாதம் நாளுக்கு 23 மணி நேரம், அதன்பின் இரவும் பகல் தூக்கமுமாக 12 முதல் 14 மணி நேரம், நான்கைந்து வயது வரை. முறையாகப் போட்டவர்களில் நூற்றுக்கு 6 பேருக்குத்தான் திரும்ப வளைந்தது. விட்டவர்களில் 80க்கும் மேல். ஷூவில் வளைந்த பாதம் 60 முதல் 70 பாகை வெளியே, நல்ல பாதம் 30 முதல் 40 பாகை வெளியே பார்க்க வேண்டும். கம்பியின் நீளம் குழந்தையின் தோள் அகலம்.

எங்கள் கோரிக்கை இரண்டு. குறைமாதக் குழந்தையின் விழித்திரைப் பரிசோதனைத் தேதியை டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதி அனுப்பும் வழக்கம் வந்துவிட்டது. 2013 முதல் நடக்கும் தேசிய சிறார் நலத் திட்டத்தின் பட்டியலில் விழித்திரை நோயும் வளைபாதமும் இரண்டுமே இருக்கின்றன. அதே சீட்டில் 'பாதம்: எந்தப் பக்கம், வளைவின் கடுமையைக் காட்டும் பிரானி மதிப்பெண் ஆறுக்கு எத்தனை, எலும்புப் பிரிவில் காட்ட வேண்டிய தேதி' என்று ஒரு வரி அச்சிட என்ன செலவாகும்?

இரண்டாவது, ஷூ. கட்டெல்லாம் முடிந்த பிறகு குறைமாதக் குழந்தையின் அளவில் ஷூ கிடைக்காமல், பெரிதாக இருப்பதைப் பஞ்சு திணித்து மாட்டி அனுப்புகிறார்கள். குதிகால் உள்ளே தூக்கிக்கொள்ளும், பத்தே நாளில் கழற்றிப் போட்டுவிடுவார்கள். உகாண்டாவில் உருவான ஸ்டீன்பீக் வகை ஷூவை உள்ளூர்த் தோலில், சாதாரணத் தையல் இயந்திரத்தில் தைக்கலாம். குதிகால் இறங்கியிருக்கிறதா என்று பார்க்கப் பின்னால் ஓர் ஓட்டையும் உண்டு. அரசு மருத்துவக் கல்லூரிகளின் செயற்கை அவயவக் கூடங்களில் அதைத் தைக்கும் கைகள் இருக்கின்றன. கடைசிக் கட்டு போடும் அன்றே பாதத்தின் நீளத்தை மில்லிமீட்டரில் அளந்து அனுப்பினால், கட்டு பிரிக்க மூன்று வாரம் இருக்கிறது. தைத்து முடிக்க அது தாராளம்.

இப்படிக்கு,
குழந்தைகள் எலும்பியல், பச்சிளங்குழந்தை மருத்துவம், இயன்முறை சிகிச்சைப் பிரிவுகளில் பணிபுரியும் மூவர்,
மதுரை