ஐந்தாம் மாடியில் கிடைத்த பட்டம்

நிஷி கசாய், டோக்கியோ
ஞாயிறு இரவு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. உடனே பதில் எழுதாததற்குத் திட்டாதே. மகள் வீட்டுக்கு ஓய்வெடுக்க வந்தவன் என்றுதான் பெயர். காலையில் பேத்தியைப் பள்ளியில் விட வேண்டும், மூன்று மணிக்குக் கூட்டி வர வேண்டும், நடுவில் குப்பையை ஆறு வகையாகப் பிரிக்க வேண்டும். எந்தக் கிழமை எந்தக் குப்பை என்று இப்போது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

முழங்கால் அறுவை சிகிச்சையைப் பற்றிக் கேட்டிருந்தாய். செய்துகொள். தள்ளிப்போட்டால் வலிதான் மிச்சம். இதற்கு மேல் அதைப் பற்றி எழுதினால் நீ கடிதத்தை மடித்து வைத்துவிடுவாய். உனக்குப் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன்.

போன வெள்ளிக்கிழமை கிக்பாக்ஸிங் பார்க்க கொரக்குவென் ஹாலுக்குப் போனேன். இங்கிருந்து தோசாய் லைனில் இடாபாஷி, அங்கே மாறினால் அடுத்த நிலையம் சுயிதோபாஷி. ஏதோ பெரிய விளையாட்டரங்கத்தை எதிர்பார்த்துப் போனால், ஒரு கட்டடத்தின் ஐந்தாவது மாடியில் இருக்கிறது அந்த இடம். லிஃப்டில் கூட்டமாக இருந்ததால் மாடிப்படியில் ஏறினேன். சுவர் முழுக்க ரசிகர்கள் பேனாவால் கிறுக்கிய பெயர்கள், வசவுகள், வாழ்த்துகள். பளிச்சென்று துடைத்த இந்த ஊரில் இந்தச் சுவரை மட்டும் எப்படி விட்டுவைத்தார்களோ! உள்ளே சுமார் இரண்டாயிரம் பேர் உட்காரலாம். கடைசி வரிசையில் இருந்தே, உதை தொடையில் விழும் சத்தம் தெளிவாகக் கேட்டது. ஈரத் துணியைக் கல்லில் அடிப்பது போல ஒரு சத்தம்.

அன்று பார்த்த ஆட்டங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அங்கே உட்கார்ந்திருந்தபோது நினைத்துக்கொண்டது பழைய ஜப்பானிய கிக்பாக்ஸர் டோஷியோ ஃபுஜிவாராவை. 1978 மார்ச் 18 அன்று இதே ஹாலில், தாய்லாந்துச் சண்டையான முவாய் தாய்க்குப் பேர்போன பாங்காக்கின் ராஜதம்னோன் அரங்கம் தரும் லைட்வெயிட் எடைப்பிரிவுப் பட்டத்தை வென்றவர். தாய்லாந்துக்காரர் அல்லாத ஒருவர் அந்தப் பட்டத்தைத் தொட்டது அதுவே முதல் முறை. ஐந்நூறு ஆண்டு வரலாற்றில் முதல் அந்நியர் என்று இங்கே பெருமையாகச் சொல்கிறார்கள். அது விளம்பரக் கணக்கு, மாப்பிள்ளை. ராஜதம்னோன் அரங்கமே 1945இல்தான் திறந்தது. முப்பத்து மூன்று ஆண்டு என்று சொன்னாலே போதும், அதுவே பெரிய விஷயம்தான்.

ஆளைப் பற்றிச் சொல்கிறேன். 1948இல் வடக்கே இவாதே மாநிலத்தின் மியாகோவில் பிறந்தவர். மீன்பிடித் துறைமுக ஊர். 2011 சுனாமியில் அடிபட்ட ஊர் என்றால் உனக்கு நினைவு வரும். பள்ளியில் அவர் ஆடியது டென்னிஸ். சண்டைக்கு வந்ததே டோக்கியோவுக்கு வந்த பிறகு, இருபத்தோரு வயதில். தாய்லாந்தில் அந்த வயதில் ஒருவன் பத்துப் பன்னிரண்டு ஆண்டு ரிங்கில் கழித்திருப்பான். நாம் பதினெட்டில் கையுறை மாட்டியதையே மாஸ்டர் தாமதம் என்று சொல்லிச் சொல்லிக் காட்டினாரே!

ஃபுஜிவாரா போய்ச் சேர்ந்தது கென்ஜி குரோசாகியின் மெஜிரோ ஜிம்மில். இந்தக் குரோசாகியின் கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது. கியோகுஷின் கராத்தே ஆசிரியர். 1964இல் கராத்தே பெரிதா, முவாய் தாய் பெரிதா என்று பார்க்க மூன்று ஜப்பானியர்கள் பாங்காக் போனார்கள். சீடர்கள் இருவரும் ஜெயித்தார்கள். முப்பது வயதைத் தாண்டியிருந்த ஆசிரியர் முழங்கை அடி வாங்கித் தோற்றார். தோற்ற வாத்தியார் ஊருக்கு வந்து என்ன செய்வார்? பெரும்பாலும் சாக்குச் சொல்வார். இவர் தன்னைத் தோற்கடித்த வித்தையைப் படிக்க உட்கார்ந்தார். 1969இல் மெஜிரோ ஜிம்மைத் தொடங்கினார். அதே ஆண்டு அங்கே வந்து சேர்ந்த டென்னிஸ்காரர்தான் ஃபுஜிவாரா. பயிற்சி கொடுமையானது. சேர்ந்தவர்களில் பலர் ஓடிவிட்டார்கள். இவர் ஓடவில்லை.

கிக்பாக்ஸிங் என்ற பெயரே அப்போது புதிது. ஒசாமு நொகுச்சி என்ற குத்துச்சண்டை ஏற்பாட்டாளர் 1966இல் வைத்த பெயர். அவருடைய நட்சத்திரம் தடாஷி சவமுரா. சவமுரா பறந்து முழங்காலால் இடிப்பதைப் பார்க்க நாடே தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்தது. சவமுராவும் ஃபுஜிவாராவும் கடைசிவரை மோதவே இல்லை. இருவரும் வேறு வேறு சங்கம், அவரவர் சங்கத்துக்கு அவரவர் தொலைக்காட்சி. நம் ஊர்ச் சங்கங்களின் சண்டையைப் பார்த்த உனக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஃபுஜிவாராவின் கணக்கு 141 ஆட்டம், 126 வெற்றி, 13 தோல்வி, 2 சமன். வெற்றிகளில் 99 நாக் அவுட். நூறுக்கு ஒன்று குறைவு! நீயாக இருந்தால் அந்த ஒன்றுக்காக இன்னும் இரண்டு ஆண்டு ஆடியிருப்பாய். பழைய ஆட்டங்களைப் படமாகப் பார்த்தேன். கால் ஓரிடத்தில் நிற்பதே இல்லை. தாய் வீரர்கள் ஊன்றி நின்று, உதையை வாங்கி உதையைக் கொடுப்பவர்கள். இவர் உள்ளே புகுந்து இரண்டு குத்து, ஒரு தொடை உதை, உடனே பக்கவாட்டில் விலகிவிடுவார். பந்து வரும் இடத்துக்கு முன்பே போய் நிற்கிற டென்னிஸ் கால் அது என்று எனக்குத் தோன்றுகிறது.

இப்போது அந்த மார்ச் இரவுக்கு வருகிறேன். உனக்கு இதை எழுதுவதே இதற்காகத்தான்.

எதிரில் சாம்பியன் மொன்சவன் லூக்சியங்மாய். நான்காவது சுற்று. ஃபுஜிவாரா குத்திக்கொண்டே நெருக்கினார். இருவரும் பின்னிக்கொண்டு தரையில் விழுந்தார்கள். ஃபுஜிவாரா எழுந்தார். மொன்சவன் தலை தரையில் மோதிவிட்டது, எழ முடியவில்லை. நடுவர் எண்ணி முடித்தார். பட்டம் கைமாறியது. ஹால் கூரை பறந்திருக்கும். ஆனால் அன்றைக்கே கேள்வியும் பிறந்துவிட்டது: அடியில் விழுந்தானா, விழுந்ததில் அடிபட்டானா?

உனக்கு என்ன நினைவு வரும் என்று தெரியும். 1983 அரையிறுதி. தண்ணீர் சிந்தியிருந்த மூலையில் அந்தப் பையன் கால் பிசகி விழுந்தான், நடுவர் பத்து எண்ணினார், உன் கையைத் தூக்கினார். "நான் அடிக்கவில்லை, அவன் விழுந்தான்" என்று பஸ்ஸில் ஊர் திரும்பும்வரை சொல்லிக்கொண்டே வந்தாய். மெடலை அம்மாவிடம்கூடக் காட்டவில்லை. இறுதி ஆட்டத்தில் பாதி மனத்தோடு ஆடித் தோற்றாய். அன்றைக்கு உன்னை நேர்மையானவன் என்று நினைத்தேன். இப்போது கொஞ்சம் பிடிவாதக்காரன் என்றும் நினைக்கிறேன்.

ஃபுஜிவாரா என்ன செய்தார் பார். மூன்று மாதம்கூட ஆகவில்லை. ஜூன் மாதம் பட்டத்தை எடுத்துக்கொண்டு பாங்காக்குக்கே போனார். அதுவும் ராஜதம்னோனுக்கே. சுற்றிலும் பந்தயம் கட்டிக் கத்துகிற கூட்டம். கையால் விடும் குத்துக்கு அங்கே மதிப்பெண் குறைவு, உதைக்கும் முழங்கால் இடிக்கும்தான் அதிகம். தன் பெரிய ஆயுதம் அங்கே பாதி விலைக்குத்தான் போகும் என்பது தெரியாமலா போயிருப்பார்? எதிரி ஸ்ரீபே கியாட்சோம்பொப். ஐந்து சுற்றும் ஆடி, புள்ளிக் கணக்கில் தோற்றுப் பட்டத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்தார்.

அந்தத் தோல்வியைப் படித்த பிறகுதான் மார்ச் வெற்றியை முழுதாக நம்பினேன். ஏன் என்று கேட்டால் ஒழுங்காகக் காரணம் சொல்லத் தெரியவில்லை. நீ இதற்கு ஒரு மறுப்பு எழுதுவாய், எழுது.

பிறகு 1983வரை ஆடினார். நாம் கையுறை மாட்டித் திரிந்த அதே ஆண்டில் அவர் கழற்றியிருக்கிறார்! அப்புறம் சொந்தமாக ஜிம் வைத்துப் பயிற்சி கொடுத்தார். அங்கிருந்து வந்த சதோஷி கோபயாஷியும் லைட்வெயிட்தான், 'தெருநாய்' என்பது அவருக்குச் செல்லப்பெயர். மெஜிரோ ஜிம்முக்கு ஆம்ஸ்டர்டாமில் அதே பெயரில் ஒரு வாரிசு உண்டு. இங்கே குரோசாகியிடம் படித்த யான் பிளாஸ் என்ற டச்சுக்காரர் 1978இல் திறந்தது. டச்சுக் கிக்பாக்ஸிங் என்று நீ வாய் பிளந்து பேசுவாயே, அதன் வேர் டோக்கியோவின் ஒரு பேட்டையில் இருக்கிறது. இனி கொஞ்சம் அடக்கிப் பேசு.

அடுத்த மாதக் கடைசியில் திரும்பி வருகிறேன். உனக்கு முழங்காலுக்குப் போடும் பட்டை ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், அளவு சரியாக இருக்குமா தெரியவில்லை. தொடைச் சுற்றளவை அளந்து எழுது. அப்படியே பரணில் இருக்கும் அந்தத் தகரப் பெட்டியைப் பையனை விட்டு இறக்கச் சொல். மெடல் துருப்பிடித்திருந்தால் புளி போட்டுத் தேய்த்து வை. நான் வந்து பார்க்க வேண்டும்.

உன்,
பழைய அறைத்தோழன்