டைட்டில் கார்டைப் பிடித்துக்கொண்டு தூங்காமல் கிடக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

உன் வாய்ஸ் நோட்டை முழுக்கக் கேட்டேன். பில்லி பைப்பர் டாக்டரே இல்லை, அவர் 'மொமென்ட்'. டாக்டராக நடித்த ஷூட்டி கட்வாவின் இரண்டு சீசனும் வெறும் கனவு. சூசன் என்ற பெயரின் எழுத்துகளை மாற்றிப் போட்டால்... அந்த இடத்தில் உனக்கு மூச்சு வாங்கியதால் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பதிலை உனக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம்தான். ஆனால் 'டாக்டர் ஹூ' பார்க்கிற எல்லோரும் இப்போது இதே கிறுக்கில் இருப்பதால் ஊரறிய எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதே, உன் பெயரைப் போடவில்லை.

நிலவரம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. 'டாக்டர் ஹூ' பிபிசியின் தொலைக்காட்சித் தொடர். டாக்டர் என்பவர் டைம் லார்டு என்ற இனத்து ஆள், டார்டிஸ் என்ற கப்பலில் காலத்துக்குள் சுற்றுகிறவர். சாகும் நேரத்தில் வேறு முகத்துக்கு உருமாறுவார், அதுதான் ரீஜெனரேஷன். 2025 மே 31 அன்று வந்த 'த ரியாலிட்டி வார்' எபிசோடில், பாப்பி என்ற குழந்தை இல்லாமல் போய்விடக் கூடாது என்பதற்காக டாக்டர் தன் ரீஜெனரேஷன் ஆற்றலையெல்லாம் கொட்டிவிடுகிறார். கடைசியில் டார்டிஸின் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு உருமாறுகிறார். ஒளி அடங்கும்போது அங்கே நிற்பது பில்லி பைப்பர், 2005-இல் டாக்டரின் தோழி ரோஸ் டைலராக வந்த அதே முகம். 'ஓ, ஹலோ' என்று ஒரு சிரிப்பு. அவ்வளவுதான். பெயர்கள் ஓடும்போது 'அறிமுகம்: பில்லி பைப்பர்' என்று போட்டு நிறுத்திவிட்டார்கள். டேவிட் டென்னன்ட் வந்தபோதும் மேட் ஸ்மித் வந்தபோதும் பெயருக்குப் பின்னால் 'டாக்டராக' என்று இருந்தது. இந்த முறை அது இல்லை. பிறகு 2025 அக்டோபரில், டிஸ்னியோடு இருந்த கூட்டு முடிந்தது என்றும், 2026 கிறிஸ்துமஸுக்கு ஒரு சிறப்பு எபிசோட் வரும், ரஸ்ஸல் டி டேவிஸ் எழுதுவார் என்றும் பிபிசி சொன்னது. கையில் இருக்கும் சரக்கு இவ்வளவே. மற்றதெல்லாம் நீயும் நானும் ஊதிப் பெருக்கியது.

உன்னோடு எனக்கு ஒரே ஒரு சண்டைதான். எழுதுகிறவர் யார் என்பதை நீ கணக்கிலேயே எடுப்பதில்லை. 2005-இல் தொடரைத் திரும்பக் கொண்டுவந்த ரஸ்ஸலின் எபிசோடுக்கு, அவருக்குப் பின் 2010 முதல் தொடரை நடத்திய ஸ்டீவன் மொஃபாட் வைக்கிற பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி படிக்கிறாய்.

மொஃபாட் வைக்கிற புதிர் எப்படி இருக்கும்? 2010-இல் வந்த 'ஃபிளெஷ் அண்ட் ஸ்டோன்' எபிசோடைத் திரும்பப் போட்டுப் பார். கொல்ல வரும் தேவதைச் சிலைகள் டாக்டரின் கோட்டைப் பிடித்துக்கொள்கின்றன. அவர் கோட்டை அவற்றிடமே விட்டுவிட்டு நழுவி வந்துவிடுகிறார். அதற்குப் பிறகு வெறும் சட்டைதான். கப்பலுக்குள் இருக்கிற காட்டில் டாக்டரின் தோழி ஏமி கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். திறந்தால் உயிர் போய்விடும். டாக்டர் சொல்லிக்கொண்டு கிளம்புகிறார். கிளம்பியவர் சட்டென்று திரும்பி வந்து அவள் கைகளைப் பிடித்துக்கொண்டு, உனக்கு ஏழு வயதாக இருந்தபோது நான் சொன்னதை நினைவுபடுத்திக்கொள் என்கிறார். குரலில் அதுவரை இல்லாத ஒரு கனம். கேமரா முகத்தோடு முகமாக ஒட்டிக்கொண்டு நிற்கிறது. அந்த நெருக்கத்திலும் மணிக்கட்டில் ட்வீட் கோட்டின் விளிம்பு தெரிகிறது.

கோட்டைத்தான் விட்டுவிட்டு வந்தாரே! படப்பிடிப்பில் கவனக்குறைவு என்றது ஒரு கூட்டம். இல்லை, இது பின்னால் வரப்போகிற டாக்டர் என்றது இன்னொரு கூட்டம். ஜூன் 26 அன்று 'த பிக் பேங்' வந்தது. டாக்டரின் வாழ்க்கை பின்னோக்கி அவிழ்ந்துகொண்டே போகிறது. அதே காடு, அதே ஏமி, கோட்டோடு அவர். கவனித்தவர்களுக்கு முழு மதிப்பெண்! திரையில் சாட்சி இருந்தது, சாட்சி பொய் சொல்லவில்லை. மொஃபாட் காலத்தில் பிரேம் பிரேமாக நிறுத்திப் பார்த்தவன் முட்டாள் இல்லை. உன் பழக்கமும் அங்கிருந்து வந்ததுதான் என்று எனக்குத் தெரியும்.

ரஸ்ஸல் வேறு ரகம். அவர் ஒரு சொல்லை விசிறிவிட்டுப் போய்விடுவார், சாட்சி எதையும் கையில் கொடுக்க மாட்டார். 2005 சீசன் முழுக்க 'பேட் உல்ஃப்' என்ற சொல் அங்கங்கே தலைகாட்டியது. கடைசியில் ரோஸ்தான் அதைக் காலவெளியெங்கும் தூவியவள் என்று தெரிந்தது. அதுவரை வந்த எந்த எபிசோடைப் பிரித்து மேய்ந்தாலும் அந்த விடைக்கு வழி இல்லை. ஆனாலும் ஏமாற்றிவிட்டார் என்று தோன்றவில்லை. திரும்பி வராதே என்று டாக்டர் வீட்டுக்கு அனுப்பிவைத்த பெண், பிடிவாதமாகத் திரும்பி வருவதற்காகச் செய்த காரியம் அது. விடை ஆளிடமிருந்து வந்தது.

இதைவிடப் பெரிய சான்று அந்த நான்கு தட்டு. 2009 ஈஸ்டருக்கு வந்த 'பிளானட் ஆஃப் த டெட்' முடிவில் கார்மென் என்ற பெண் டாக்டருக்குக் குறி சொல்கிறாள்: உன் பாட்டு முடியப்போகிறது, அவன் நான்கு முறை தட்டுவான். டாக்டரின் பரம எதிரியான மாஸ்டரின் தலைக்குள் சிறுவயது முதல் அடித்துக்கொண்டிருக்கிற முரசும் நான்கு தட்டுதான். பிறகென்ன, மாஸ்டர்தான் டாக்டரைக் கொல்லப்போகிறான் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். 2010 ஜனவரி 1 அன்று 'த எண்ட் ஆஃப் டைம்' இரண்டாம் பாகம். மாஸ்டரும் போய்விட்டான், டைம் லார்டுகளும் போய்விட்டார்கள். தரையில் கிடக்கும் டென்னன்டுக்குத் தான் பிழைத்துவிட்டோம் என்பதையே நம்ப முடியவில்லை. மெல்ல முகம் மலர்கிறது. அப்போது டொக் டொக் டொக் டொக்.

கண்ணாடி அறைக்குள் மாட்டிக்கொண்ட வில்ஃப், டாக்டரின் தோழி டோனாவின் தாத்தா. பெர்னார்ட் கிரிபின்ஸ் அந்தத் தட்டை எவ்வளவு மெதுவாகத் தட்டுகிறார் பார். தொந்தரவு கொடுக்கிறோமே என்ற கூச்சத்தோடு, எல்லோரும் போய்விட்டார்களா, அப்படியென்றால் என்னைக் கொஞ்சம் வெளியே விடுகிறீர்களா என்கிறார். அவரை வெளியே விட்டால் கதிர்வீச்சு முழுவதும் டாக்டர் மேல் பாயும். வில்லனைக் கண்டு பயந்துகொண்டிருந்தவரைச் சாகடிக்க வந்தது, தனக்குப் பிடித்த ஒரு கிழவரின் மரியாதையான நான்கு தட்டு. இங்கே துப்பு உண்மை, நாம் போன திசைதான் தப்பு. பிரேமை நிறுத்திப் பார்த்து வில்ஃபைக் கண்டுபிடிக்க முடியாது. டாக்டர் யாருக்காக மறுக்காமல் சாவார் என்று யோசித்திருந்தால் ஒருவேளை முடிந்திருக்கும்.

எழுத்தை மாற்றிப்போடுகிற விளையாட்டு பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. 2007-இல் 'மிஸ்டர் சாக்ஸன்' என்ற கதாபாத்திரப் பெயரின் ஆங்கில எழுத்துகளைக் கலைத்தால் 'மாஸ்டர் நம்பர் சிக்ஸ்' வருகிறது என்று ரசிகர்கள் குதித்தார்கள். அது தற்செயல் என்றார் ரஸ்ஸல். அந்த அனுபவத்தை அவர் மறக்கவில்லை போல. 2024-இல் 'எஸ் ட்ரையட்' என்றொரு நிறுவனத்தைக் கொண்டுவந்து, கலைத்துப் போட்டால் 'டார்டிஸ்' வருகிறது என்று கதாபாத்திரங்களையே பேசவைத்தார். அதன் தலைவி பெயர் சூசன் ட்ரையட். டாக்டரின் பேத்தி சூசன்தான் என்று டாக்டரே நம்பிவிட்டார். வந்தது சூடெக், 1975-இல் 'பிரமிட்ஸ் ஆஃப் மார்ஸ்' கதையில் வந்த பழைய எமன், அதே கேப்ரியல் உல்ஃபின் குரலில். பொறி வைத்ததே உன்னைப் போன்றவர்களுக்குத்தான் தம்பி!

அவர் செய்ததெல்லாம் சரி என்று நான் கொடி பிடிக்க வரவில்லை. டாக்டரின் தோழி ரூபி சண்டேயின் அம்மா யார் என்று ஒரு சீசன் முழுக்க நம்மைக் காயவைத்தார். தலையில் முக்காடு, கொட்டும் பனி, நீட்டிய விரல். கடைசியில் அவள் ஒரு சாதாரணப் பெண், பதினைந்து வயதில் பிள்ளை பெற்றவள். இந்த முடிவு எனக்குப் பிடித்திருந்தது. சாதாரண ஆள் என்பதால்தான் சூடெக் என்ற கடவுளுக்கே அவளைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்பது அழகான யோசனை. ஆனால் அந்த விரல்? தெருப்பெயர்ப் பலகையைக் காட்டினாளாம், குழந்தைக்கு அந்தப் பெயரை வைக்க. ஆளில்லாத தெருவில் யாருக்குக் காட்டினாள்? இதை நீ கேட்டபோது என்னிடம் பதில் இல்லை, இப்போதும் இல்லை. அந்த ஒன்றில் நான் உன் கட்சி.

ராணி விஷயம் இதற்கு நேர் எதிர். 1985-இலும் 1987-இலும் கேட் ஓமாரா நடித்த வில்லி அவள். தொடர் 2005-இல் திரும்பி வந்த நாளிலிருந்து, மர்மமாக எந்தப் பெண் வந்தாலும் 'ராணிதான்' என்பது ரசிகர்கள் நடுவே ஒரு ஓயாத கிண்டல். 2025 மே 17 அன்று, ரூபியின் பக்கத்து வீட்டுக்காரி மிஸஸ் ஃபிளட் உண்மையிலேயே ராணி என்று தெரிந்தது. கூடவே ஆர்ச்சி பஞ்சாபி இன்னொரு ராணியாகப் பிரிந்து வந்தார். பல வருட ஊகம் பலித்துவிட்டது. என்ன கிடைத்தது? இரண்டே வாரத்தில் ஒமேகா என்ற பழைய டைம் லார்டு அவளை வாயில் போட்டு விழுங்கிவிட்டான். வாரப் பத்திரிகைத் தொடர்கதையில் 'தொடரும்' என்று போட்டதைப் பார்த்து ஏழு நாள் கதை கட்டிய நம் அம்மாக்களுக்கு, விடை சரியாக இருப்பதைவிட அந்த ஆளை அப்புறம் என்ன செய்தார்கள் என்பதே முக்கியமாக இருந்தது. எனக்கும் அப்படித்தான்.

சரி, பைப்பருக்கு வருகிறேன். முதலில் உன் 'மொமென்ட்'. 2013-இல் ஐம்பதாம் ஆண்டு எபிசோடில் பைப்பர் ரோஸாக வரவில்லை, ரோஸின் முகத்தை எடுத்துக்கொண்ட ஒரு ஆயுதத்தின் மனசாட்சியாக வந்தார் என்பது உண்மை. ஆனால் கிறிஸ்துமஸ் எபிசோடை வீட்டில் யார் பார்க்கிறார்கள் என்று யோசி. வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, வருஷத்துக்கு ஒருமுறை மட்டும் இந்தத் தொடரைப் பார்க்கிற பெரியம்மா, மாமா எல்லோரும் அங்கே உட்கார்ந்திருப்பார்கள். மொமென்ட் யாரென்று அவர்களுக்குச் சொல்லவே கால்மணி நேரம் போய்விடும். ரஸ்ஸல் அவர்களைத்தான் முதலில் நினைப்பார், உன்னை நினைக்க மாட்டார். கனவு என்கிற கதையும் அப்படித்தான். தானே எழுதிய இரண்டு சீசனைத் தானே குப்பையில் போட எந்த எழுத்தாளருக்குக் கை வரும்?

பழைய முகம் திரும்புவது இந்தத் தொடரில் புதிதில்லை. 1979-இல் டாக்டரோடு பயணித்த டைம் லார்டு ரொமானா, தான் சந்தித்த இளவரசி அஸ்ட்ராவின் முகத்தை எடுத்துக்கொண்டாள். பீட்டர் கபால்டி 2008-இல் பாம்பெய் நகரத்துக் குடும்பத் தலைவராக வந்துபோனவர். டாக்டர் ஏன் அந்த முகத்தைத் தேர்ந்தார் என்பதற்கு 2015-இல் காரணம் வந்தது: ஒருவரையாவது காப்பாற்று என்று தனக்குத்தானே நினைவூட்ட. 2022-இல் டென்னன்டின் முகம் திரும்பியது, டோனாவிடம் பாக்கி இருந்த கணக்கை முடிக்க. ஆக, முகம் வந்தால் ஒரு வேலையும் கூடவே வரும். ரோஸுக்கோ பாக்கி ஒன்றும் இல்லை. 2008-லேயே அவளை இன்னொரு உலகத்தில், மனிதனாகிவிட்ட இன்னொரு டாக்டரோடு சேர்த்துவைத்தாயிற்று. அப்படியானால் இந்த முகத்துக்கு என்ன வேலை?

என் ஊகத்தைச் சொல்கிறேன். பைப்பர் டாக்டர்தான். டைட்டில் கார்டில் அந்தச் சொல்லை விட்டது நம்மைப் பேசவைக்க மட்டும். ரொம்ப நாள் இருக்க மாட்டார், டென்னன்ட் 2023-இல் வந்துபோன மாதிரி ஒரு வேலையாக வந்து போவார். வேலை சூசன்.

1964 டிசம்பர் 26 அன்று, 'டாலெக் இன்வேஷன் ஆஃப் எர்த்' கதையின் முடிவில், வில்லியம் ஹார்ட்னெல் தன் பேத்தியை வெளியே நிறுத்திவைத்து டார்டிஸின் கதவைப் பூட்டிவிடுகிறார். அவளுக்கு ஒரு வாழ்க்கை அமையட்டும் என்று. ஒரு நாள் நான் திரும்பி வருவேன் என்கிறார். கப்பல் மறைகிறது. அவள் கையிலிருந்த சாவி தரையில் விழுகிறது. 1983 சிறப்பு எபிசோடில் இருவரும் சந்தித்தார்கள் என்றாலும் அது வேறொருவர் ஆடிய விளையாட்டில் அகப்பட்டுக்கொண்டு சந்தித்தது. தானாகத் தேடி அவர் போகவே இல்லை. 2025-இல், எண்பதைக் கடந்த கரோல் ஆன் ஃபோர்டை ரஸ்ஸல் திரும்ப அழைத்து வந்து, டாக்டரின் கண்ணுக்கு மட்டும் தெரியவைத்துவிட்டு, காரணம் சொல்லாமல் சீசனை முடித்துவிட்டார். இவ்வளவு செய்துவிட்டு அப்படியே விடுகிற ஆளா அவர்? பிள்ளை இல்லாத உலகத்தைத் தாங்க முடியாமல் உருமாறியவர் கட்வாவின் டாக்டர். அடுத்து வருகிறவர் முதலில் யாரைத் தேடிப் போவார்?

பைப்பரின் முகம் ஏன் என்றால், திரும்பிப் போகக் கூடாது என்ற இடத்துக்குத் திரும்பிப் போனவள் ரோஸ். இதுவரை டாக்டருக்கு வராத பிடிவாதம் அது. இதற்குச் சாட்சி கேட்காதே, இல்லை. உன்னிடமும் இல்லை.

பந்தயம் வைப்போம். சூசன் வந்தால் நீ என்னை அழைத்துப்போய் பிரியாணி வாங்கித் தர வேண்டும். மொமென்ட் வந்தால் நான். இரண்டும் இல்லாமல் வேறு ஏதாவது வந்தால் அவரவர் காசு. அன்றைக்கு ராத்திரி எனக்கு எந்த மெசேஜும் அனுப்பாதே, 'ஐயோ' என்று ஒற்றைச் சொல்கூட வேண்டாம். நான் மறுநாள் காலையில்தான் பார்ப்பேன்.

அன்புடன்,
அக்கா