பார்சல் டப்பாவைக் கழுவிப் போடுவோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்துக் கொடுக்கச் சொல்லி உங்கள் நாளிதழில் அடிக்கடி செய்தி வருகிறது. திடக்கழிவு மேலாண்மை விதிகளும் அதைத்தான் சொல்கின்றன. சரி, பிரித்துவிட்டோம். அந்த மக்காத குப்பைப் பைக்குள் பிளாஸ்டிக் டப்பா எந்த நிலையில் போகிறது என்பதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

ஓட்டலிலிருந்து சாம்பாரோ சால்னாவோ வரும் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலும் அடியில் சின்ன முக்கோணமும் அதற்குள் 5 என்ற எண்ணும் இருக்கும். அந்த எண் பிளாஸ்டிக்கின் ரகத்தைச் சொல்கிறது; 5 என்றால் பாலிபுரொப்பிலீன். உருக்கி மறுபடி வாளி, பூத்தொட்டி செய்யலாம். அதையே மீந்த சால்னாவோடு மூடி பைக்குள் போட்டால், இரண்டு நாளில் நாற்றமெடுத்து, கூடவே கிடக்கும் பேப்பர், அட்டையையும் பாழாக்கிவிடும். அதைத் திறந்து கொட்ட வேண்டியவர் தூய்மைப் பணியாளர். நாம் தின்ற மிச்சத்தை அவர் ஏன் கையால் வழிக்க வேண்டும்? நினைத்தாலே கோபம் வருகிறது. இதற்கு நல்ல தண்ணீர்கூட வேண்டாம். பாத்திரம் அலசிய கடைசித் தண்ணீர் போதும். அலசி, கவிழ்த்து வைத்து, காய்ந்த பிறகு போடலாம்.

எண்ணைப் பார்ப்பதற்கும் காரணம் உண்டு. தண்ணீர் பாட்டிலின் எண் 1, அதாவது பெட் (PET) என்ற பிளாஸ்டிக் ரகம். அதன் மூடி வேறு ரகம். ஆலையில் நொறுக்கித் தொட்டித் தண்ணீரில் போட்டால் பாட்டில் துண்டு மூழ்கும், மூடித் துண்டு மிதக்கும். அப்படிப் பிரித்துவிடலாம். ஆனால் 3-ஆம் எண்ணான பிவிசி, பெட்டோடு சேர்ந்தே மூழ்கிவிடும். பெட் உருக சுமார் 250 டிகிரி சூடு வேண்டும். அந்தச் சூட்டில் பிவிசி சிதைந்து அமிலத்தைக் கக்கும். கொஞ்சம் கலந்தாலே மொத்தச் சரக்கும் நிறம் மாறிக் கெட்டுப்போகும்.

அதற்காக, எண் போட்ட டப்பா எல்லாம் எல்லா ஊரிலும் விலைபோகும் என்று நினைக்கக் கூடாது. பாட்டிலை ஆசையாக வாங்கும் பழைய பேப்பர் கடைக்காரர், தெர்மோகோலைத் தொடக்கூட மாட்டார். எதை எடுப்பார்கள், எதை எடுக்க மாட்டார்கள் என்பதை உள்ளாட்சி அமைப்புகள் தெருவுக்கு வரும் குப்பை வண்டியின் பக்கவாட்டிலேயே படத்தோடு ஒட்டலாமே! சென்னையின் பெருங்குடி, கொடுங்கையூர் குப்பைக் கிடங்குகளில் பல பத்தாண்டுகளாகக் குவிந்ததைத் தோண்டிச் சலித்துப் பிரிக்க எவ்வளவு பணம் செலவாகிறது! அதோடு பார்த்தால் ஒரு ஸ்டிக்கர் பெரிய செலவா?

உங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். அந்தந்த ஊர் பழைய பேப்பர் கடைகளிலும் தரம் பிரிக்கும் மையங்களிலும் விசாரித்து, எந்த எண் டப்பாக்களை எடுக்கிறார்கள் என்று மாவட்டப் பக்கத்தில் ஒரு பட்டியல் போடுங்கள். வெட்டி அடுப்படியில் ஒட்டிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சென்னை