புள்ளி இருந்தால் அடிக்காதே

அன்புள்ள கயலுக்கு,

நீ அனுப்பிய பாம்புப் படம் பார்த்தேன். உன் தென்னாப்பிரிக்க வீட்டுக் குளியலறை ஜன்னலில் கிடப்பது கொடிய விஷமுள்ள பச்சை மாம்பா இல்லை. புள்ளிப் புதர்ப்பாம்பு. விஷமும் இல்லை, விஷப்பல்லும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் கட்டையோடு வந்தால் உள்ளே விடாதே.

அடையாளம் முன்பாதியில்தான் இருக்கிறது. பச்சை உடம்பில் கருப்புப் புள்ளிகள், சில இடங்களில் அவை சேர்ந்து குறுக்குப்பட்டை போலத் தெரியும். பின்பக்கம் போகப் போகப் புள்ளி மறைந்து வெண்கல நிறமாகிவிடும். 1840-இல் விலங்கியலாளர் ஆண்ட்ரூ ஸ்மித் இதற்கு வைத்த 'செமிவேரிகாட்டா' என்ற அறிவியல் பெயருக்கே 'பாதி மட்டும் புள்ளி போட்டது' என்பதுபோலத்தான் பொருள். கண் பெரிது, பாவை வட்டம், சுற்றிலும் பொன் நிறம். பெரும்பாலும் ஒரு மீட்டருக்குள், விரல் தடிமன்தான்.

பச்சை மாம்பாவின் தலை நீண்டு சவப்பெட்டி போல இருக்கும், அந்தத் தலைக்குக் கண் சிறிது. கருப்புப் புள்ளி இருக்காது. வளர்ந்தது இரண்டு மீட்டரை எட்டும். ஆனால் நீளத்தை நம்பாதே. முட்டையிலிருந்து வந்த மாம்பாக் குட்டி அரை மீட்டர்கூட இருக்காது, விஷமோ முதல் நாளே உண்டு.

இன்னொரு குழப்பம் பூம்ஸ்லாங், விஷமுள்ள மரப்பாம்பு. அதற்கும் பெரிய கண், ஆணும் பச்சைதான். மிரண்டால் புதர்ப்பாம்பு கழுத்தை உப்பும், செதில்களுக்கு இடையே நீலத்தோல் தெரியும். பூம்ஸ்லாங்கும் உப்பும். அதனால் உப்புவதை வைத்து முடிவு செய்யாதே. செதிலைப் பார்: புதர்ப்பாம்புக்கு வழவழப்பு, பூம்ஸ்லாங்குக்கு நடுவில் வரம்பு எழும்பிச் சொரசொரப்பு. பூம்ஸ்லாங்கின் தலையும் குட்டையாக, முட்டை வடிவில் இருக்கும். புள்ளியே இல்லாத நேட்டால் பச்சைப்பாம்பும் உங்கள் கடலோரக் காடுகளில் உண்டு, அதுவும் சாதுதான். ஆனால் புள்ளி இல்லாததைத் தூரத்திலிருந்து நீயே தீர்மானிக்க வேண்டாம். ஐந்து மீட்டர் தள்ளி நின்று படம் எடுத்துப் பாம்பு பிடிப்பவருக்கு அனுப்பு.

நம் ஊர்க் கொம்பேறிமூக்கனும் இதே கதைதான். கழுத்தை உப்பினால் அதே நீலம், விஷமும் கிடையாது. கடித்துவிட்டு மரமேறிச் சுடுகாட்டுப் புகையைப் பார்க்குமாம்! அந்தக் கட்டுக்கதையால் எத்தனை செத்திருக்கும்.

புதர்ப்பாம்பு வீட்டுக்குள் வந்தால் உள்கதவைச் சாத்து, கீழே துணி வைத்து இடுக்கை அடை, வெளிக்கதவையும் ஜன்னலையும் திறந்துவிட்டு நகர்ந்துவிடு. பகலில் திரியும் பாம்பு, வழி கிடைத்தால் தானே போய்விடும். துடைப்பத்தால் தள்ளினால் கூரைக்குள்தான் ஏறும். வயிற்றுச் செதில்களின் இரு ஓரமும் மடிந்து விளிம்பு கட்டியிருப்பதால் செங்கல் சுவரில்கூடப் பிடித்து ஏறிவிடும். கூரைக்குள் போனதை வெளியே எடுப்பது பெரும்பாடு.

புதர்ப்பாம்பின் கடி கீறல் மாதிரிதான், சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். ஆனால் எது கடித்தது என்பதில் துளி சந்தேகம் இருந்தாலும் 10177-க்கு அடித்து ஆம்புலன்ஸில் மருத்துவமனைக்குப் போ. கீறாதே, உறிஞ்சாதே. பூம்ஸ்லாங் விஷம் மெல்ல வேலை செய்யும், முதல் சில மணி நேரம் ஒன்றுமில்லாதது போலவே இருக்கும். 1957-இல் சிகாகோவில் கார்ல் ஷ்மிட் என்ற பாம்பு நிபுணரே அந்தக் கடியைச் சாதாரணமாக எடுத்துக்கொண்டு மறுநாள் இறந்தார். அதற்கான மருந்தும் தனி. மாம்பாவுக்குப் போடும் பொது எதிர்மருந்து பூம்ஸ்லாங்குக்குப் பயன்படாது.

பாம்பை விரட்டப் பூண்டு, பினாயில் எல்லாம் வீண் செலவு. புதர்ப்பாம்பு வருவது பல்லிக்காக. வராந்தா விளக்குக்குப் பூச்சி, பூச்சிக்குப் பல்லி, பல்லிக்குப் பாம்பு. தேவையில்லாத நேரத்தில் விளக்கை அணை. குளியலறை ஜன்னலுக்குக் கொசுவலை அடி. கூரையைத் தொடும் கிளையைச் சுவரிலிருந்து ஒரு மீட்டராவது விலகும்படி வெட்டச் சொல். வெட்டுமுன் கிளையை நன்றாகப் பார்க்கச் சொல், மாம்பாவும் இலைக்குள்ளேதான் படுத்திருக்கும்.

அப்பா