எமுலேட்டரில் ஓடினால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

"பழைய வீட்டுக் கம்ப்யூட்டர்களை இன்னும் எதற்குக் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள்? அந்தக் காலத்து மென்பொருள் எல்லாம்தான் எமுலேட்டரில் ஓடுகிறதே" என்று போன இதழில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். பாதி சரி. இன்றைய கம்ப்யூட்டரைப் பழைய மெஷின்போல நடிக்கவைக்கும் நிரல்தானே எமுலேட்டர். 1984இல் வந்த ஒரு விளையாட்டை இன்று பார்க்க ஆசைப்பட்டால் எமுலேட்டரே போதும். ரோமில், அதாவது மெஷினுக்குள்ளேயே பதிந்துவைத்த சில்லில், இருக்கும் நிரலை எமுலேட்டரோடு சேர்த்துக் கொடுக்க, அந்தக் காலத்தில் வீட்டுக் கம்ப்யூட்டர் செய்த ஆம்ஸ்ட்ராட் நிறுவனம் 1999இலேயே அனுமதி தந்துவிட்டது. 1986இல் சின்க்ளேர் நிறுவனத்திடமிருந்து அவர்கள் வாங்கிய ஸ்பெக்ட்ரம் என்ற வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் அது பொருந்தும். அதனால் ரோமைப் பொறுத்தவரை சட்டச் சிக்கலும் இல்லை. ஆனால் இந்த மெஷின்களுக்கு இன்றைக்குப் புதிதாக எழுதப்படும் மென்பொருளைச் சோதித்துப் பார்க்க எமுலேட்டர் பத்தவே பத்தாது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இன்றைக்கு யார் எழுதுகிறார்கள் என்று கேட்கலாம். பிரான்சிலும் ஸ்பெயினிலும் நிறையப் பேர் எழுதுகிறார்கள். நம் மொரிஷியஸிலும் ஒருவர் இருக்கிறார். எங்கள் கோவில் தமிழ் வகுப்பில் பாடம் நடத்தும் தம்பி ஒருவர், ஆம்ஸ்ட்ராட்டின் சி.பி.சி. 464 என்ற மெஷினுக்கு, பேசிக் என்ற நிரல் மொழியில், தமிழ் எழுத்துப் பயிற்சி ஒன்றை எழுதியிருக்கிறார். போனுக்கே எழுதியிருக்கலாமே என்றேன். போனைக் கையில் கொடுத்தால் பிள்ளைகள் அடுத்த நிமிடம் வீடியோவுக்குத் தாவிவிடுகிறார்கள், இந்த மெஷினில் தாவ இடமே இல்லை என்றார். நல்ல பதில்தான்.

நான் வாக்குவாவில் டிவி ரிப்பேர் கடை வைத்திருந்தவன். அந்தக் காலத்தில் லண்டனிலிருந்து ஸ்பெக்ட்ரம் கொண்டுவந்தவர்கள் என்னிடம் வந்து, படம் கறுப்பு வெள்ளையாகத் தெரிகிறதே என்று கேட்பார்கள். அது நிறத்தை அனுப்புவது பால் (PAL) என்ற முறையில், இங்கே இருந்ததோ செக்காம் (SECAM) என்ற வேறு முறை டிவி. வேறென்ன தெரியும்? சி.பி.சி.க்கு அந்தத் தொல்லை கிடையாது, மானிட்டர் கூடவே வரும். மெஷினுக்கு வேண்டிய 5 வோல்ட் மின்சாரமும் அந்த மானிட்டரிலிருந்துதான் போகும். என்னிடம் இருப்பது அண்ணன் பாரிஸிலிருந்து கொண்டுவந்த 464, பச்சை மானிட்டரோடு. அதில்தான் தம்பியின் நிரலை ஓட்டிப் பார்த்தோம்.

முதலில் அதை உள்ளே ஏற்ற வேண்டுமே! இந்த மெஷின் கேசட்டில் ஒலியாகப் பதிந்த நிரலைத்தான் படிக்கும். 464இல் கேசட் டெக் மெஷினோடு சேர்ந்தே இருப்பதால், வெளியிலிருந்து ஒலியைக் கொடுக்கத் துளை கிடையாது. காரில் பாட்டுக் கேட்கப் போடுவோமே, கேசட் வடிவ அடாப்டர், அதை டெக்கில் செருகி மறுமுனையைப் போனில் மாட்டினால் வேலை நடக்கும். நிரலை வேவ் என்ற ஒலிக் கோப்பாக்கி போனில் போட்டு, ஒலியை அநேகமாக முழுதுமாக வைத்து, ஈக்வலைசரை அணைத்துவிட வேண்டும். பாதியில் வாட்ஸ்அப் 'டிங்' என்றால் திரையில் 'ரீட் எர்ரர் பி' என்று, படிப்பதில் பிழை என்ற செய்தி வந்து நிற்கும். அதற்காக முதலிலிருந்து தொடங்க வேண்டாம். சி.பி.சி. இரண்டு இரண்டு கே.பி. துண்டாகப் படிப்பதால், கெட்டுப்போன துண்டுக்குக் கொஞ்சம் முன்னால் போய் மறுபடி ஓட்டினால் எடுத்துக்கொள்ளும்.

சரி, நிரல் ஏறிவிட்டது. தம்பியின் லேப்டாப்பில், எமுலேட்டரில், ஒரு குறையும் இல்லாமல் ஓடிய அதே நிரல். அந்தப் பயிற்சியில் வரும் விளையாட்டில் மேலே போக கியூ, கீழே போக ஏ. வகுப்புப் பையன் ஒருவன் இரண்டில் மேலே இருக்கும் விசையை அழுத்தினான். உருவம் கீழே போனது. "தோந்தோன், பா பெ மார்ஸே" என்றான் கிரியோலில். மாமா, வேலை செய்யவில்லை என்கிறான். வேலை செய்தது. என்னுடையது பிரான்சுக்கென்று செய்த மெஷின், விசைப்பலகை அசெர்ட்டி என்ற பிரெஞ்சு வரிசை. ஆங்கிலப் பலகையில் கியூ இருக்கும் இடத்தில் ஏ, ஏ இருக்கும் இடத்தில் கியூ. மேலே இருக்கும் விசையை அழுத்தினால் அது ஏ, கீழே போ என்று ஆகிவிடுகிறது. தம்பி 'இன்கீ டாலர்' கொண்டு எழுத்தைக் கேட்டிருந்தார். எழுத்தை விட்டுவிட்டு விசையின் இடத்தை 'இன்கீ(67)', 'இன்கீ(69)' என்று எண்ணால் கேட்டால் எந்த நாட்டுப் பலகையாக இருந்தாலும் மேலே இருப்பது மேலே, கீழே இருப்பது கீழே. மாற்றினார், சரியாகிவிட்டது. எமுலேட்டரிலும் பிரெஞ்சு ரோமைப் போடலாமே என்று சிலர் சொல்லலாம். போடலாம்தான், ஆனால் போட வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

அடுத்தது நிறம். குறிலுக்குச் சிவப்பு, நெடிலுக்கு நீலம் என்று கொடுத்திருந்தார். லேப்டாப்பில் பளிச்சென்று இருந்தது. பச்சை மானிட்டரில் இகரமும் ஈகாரமும் ஒரே பச்சை. சி.பி.சி.யின் 27 நிறங்களுக்கும் 0 முதல் 26 வரை எண் உண்டு. அந்த எண் வரிசையே பிரகாசத்தின் வரிசைதான்: 0 கறுப்பு, 26 பளீர் வெள்ளை. பச்சைத் திரை வாங்கியவர்களையும் மனதில் வைத்துச் செய்த ஏற்பாடு அது. தம்பி எடுத்த நீலம் 2, சிவப்பு 3. பக்கத்துப் பக்கத்து எண், கண்ணுக்கு எப்படி வித்தியாசம் தெரியும்? நெடிலுக்கு 24ஆம் எண் மஞ்சளைக் கொடுத்ததும் இரண்டும் தனித்தனியாகத் தெரிந்தன.

எழுத்து வடிவத்தில்தான் எனக்கு ரொம்ப ருசி. இந்த மெஷினில் ஓர் எழுத்துக்கு 8க்கு 8 புள்ளிக் கட்டம். அதற்குள் 'ன' அடங்கும், 'ண' திணறும், 'ணை' நடக்காது. அதனால் எழுத்துக்கு இரண்டு கட்டம் ஒதுக்கினார். உயிர் 12, மெய்க்குரிய வடிவம் 18, கு கூ வரிசைக்கு 36, ஆய்தம், அப்புறம் கால், கொம்பு, புள்ளி, விசிறி எல்லாம் சேர்த்து 75க்குள் முடிந்துவிடுகிறது. மேலே வரும் புள்ளியையும் விசிறியையும், ஒன்றின்மேல் ஒன்று அச்சிடும் வசதியால் ஒட்டிவிடலாம். இரண்டிரண்டு கட்டமாக 150. 'சிம்பல் ஆஃப்டர் 32' என்று சொன்னால் 224 கட்டங்களை நம் இஷ்டத்துக்கு வரையலாம். கச்சிதமாக இடம் இருக்கிறது. நான்கு கட்டமாக்கினால் இன்னும் அழகாக வரும், ஆனால் 300 ஆகிவிடும், தாங்காது.

சுழி நன்றாக விழ வேண்டும் என்று பாடத் திரைக்கு மோட் 2 என்ற திரை முறையை எடுத்திருந்தார். அதில் குறுக்கே 640 புள்ளி. எமுலேட்டரில் 'ண'வின் மூன்று சுழியும் ஊசி முனையில் வரைந்தது மாதிரி. என் பச்சை மானிட்டரிலும் அப்படியே. பழைய வாடிக்கையாளர் ஒருவரிடம் கலர் மானிட்டர் வாங்கி மாட்டிப் பார்த்தோம். சுழிகள் அடைத்துப் போய் 'ண'வும் 'ன'வும் ஒரே மை. கலர் குழாயின் முகத்தில் சிவப்பு, பச்சை, நீலம் என்று தனித்தனிப் புள்ளிகள். அவற்றின் இடைவெளியைவிட மெல்லிய கோட்டை அது எப்படிக் காட்டும்? ஆக, பச்சையில் நிறம் போகிறது, கலரில் சுழி போகிறது. குறுக்கே அதில் பாதிப் புள்ளியே உள்ள மோட் 1க்கு இறங்கினார். எழுத்து கொஞ்சம் பரந்து குள்ளமாகத் தெரிகிறது, வரிக்கு 20தான் கொள்ளும், ஆனால் இரண்டு திரையிலும் மூன்று சுழி மூன்று சுழியாகவே இருக்கிறது. எழுத்து படிக்கிற பிள்ளைக்கு அதுதானே வேண்டும்? ரூபாய் நோட்டில்கூடத் தமிழ் எழுத்து இருக்கும் நாட்டில், பிள்ளைகள் ணகரத்தைக் கண்டு விழிக்கக் கூடாது.

பரணில் பழைய மெஷின் வைத்திருப்பவர்கள் அதைப் பழைய இரும்புக்காரருக்குத் தூக்கிக் கொடுக்குமுன் சொல்லி அனுப்புங்கள். ஆசைப்பட்டு மானிட்டரின் முதுகை மட்டும் திறந்துவிடாதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் குழாயில் மின்சாரம் தங்கியிருக்கும். கேசட் இருந்தால் முதலில் வெளிச்சத்தில் நாடாவைப் பாருங்கள். வாக்குவா, கியூர்பிப் மழைக்கு வெள்ளைப் பூஞ்சணம் பிடித்திருக்கும். அதை அப்படியே ஓட்டினால் ஹெட்டிலும் ஒட்டும், அடுத்துப் போடும் கேசட்டுக்கும் பரவும்.

தம்பி அடுத்து ஸ்பெக்ட்ரமுக்கு எழுதத் தொடங்கியிருக்கிறார். அதில் நாமாக வரைந்துகொள்ள 21 எழுத்துதான் உண்டு. நம் உயிரும் மெய்யுமே 30. அதனால் எழுத்துத் தொகுப்பு எங்கே இருக்கிறது என்று மெஷின் குறித்துவைத்திருக்கும் 23606, 23607 முகவரிகளை மாற்றி, மொத்தத் தொகுப்பையும் தமிழாக்கும் வழியைப் பிடித்திருக்கிறார். எமுலேட்டரில் ஓடுகிறதாம்! ஓடும் நிலையில் 48 கே ஸ்பெக்ட்ரமும், பால் முறையும் எடுக்கும் பழைய குழாய் டிவியும் யாரிடமாவது இருந்தால் உங்கள் அலுவலகத்துக்குத் தெரிவிக்கட்டும். வீட்டுக்கே வந்து சோதித்துவிட்டுப் போகிறோம், மெஷினை எடுத்துப்போக மாட்டோம். அடாப்டரும் போனும் நாங்களே கொண்டுவருவோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டிவி மெக்கானிக்,
வாக்குவா, மொரிஷியஸ்