கொப்பில் பச்சை இருக்கிறது, அப்பா

ஸ்கார்பரோ, கனடா,
ஏப்ரல் கடைசி ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நல்ல சுகம். உங்கள் முழங்கால் நோ எப்படி? அம்மா போனில் "ஒண்டுமில்லை" என்றுதான் சொல்லுவா. நீங்களே எழுதுங்கள்.

இரவு வேலை முடிந்து இன்று காலை வீட்டுக்குப் போய்ப் படுக்கவில்லை. கிங்ஸ்டன் வீதியில் பஸ்ஸால் இறங்கி, நேரே ரூஜ் காட்டுக்குப் போய்விட்டேன். நான் வழமையாக நடக்கிற அதே பாதைதான். அதற்குப் பெயர் மாஸ்ட் ட்ரெயில். 200 வருடங்களுக்கு முதல் கப்பல் பாய்மரத்துக்காகப் பெரிய பைன் மரங்களைத் தறித்து இழுத்துக்கொண்டு போன வழியாம். 2015 இல் இந்த இடத்தைத் தேசியப் பூங்காவாக்கினார்கள். ஒரு பூக்கூடப் பறிக்க விடமாட்டார்கள். அது நல்லதுதான்.

நான் இங்கே வந்த வருடம் மார்கழியில் சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும். "இங்கே காடு முழுக்கச் செத்துப்போய்க் கிடக்குது அப்பா" என்று போனில் அழுதேன். நீங்கள் "கொப்பை நகத்தால சுரண்டிப் பாத்தனியோ பிள்ளை?" என்று கேட்டீர்கள். அடுத்தநாள் கையுறையைக் கழற்றிவிட்டுச் சுரண்டினேன். உள்ளே பச்சை. அந்தக் குளிரில் எனக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று அப்போது உங்களிடம் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன்.

இன்று சுரண்டத் தேவையே இல்லை. சிவப்பு மேப்பிளில் இலைக்கு முதலே பூ வந்துவிட்டது. மேப்பிளைப் பற்றி ஒன்று எழுத வேண்டும். பனி கரைகிற நேரம், பகலில் பூச்சியத்துக்கு மேலும் இரவில் கீழுமாக இருக்கிற நாட்களில், மரத்தில் துளை போட்டுச் சாறு எடுக்கிறார்கள். 40 லீற்றர் சாற்றைக் காய்ச்சினால் ஒரு லீற்றர் பாணி. போன மாதம் ஒரு தோட்டத்தில் அதைக் காய்ச்சுகிற இடத்தில் நின்றேன். பனங்கட்டி காய்ச்சுகிற அதே ஆவி, கிட்டத்தட்ட அதே வாசம். கனநேரம் அங்கேயே நின்றுவிட்டேன்.

பள்ளத்தில் பனி கரைந்து தேங்கின தண்ணீரில் தவளைகள் கத்துகின்றன. தூரத்தில் கேட்டால் தாரா கத்துவது போல இருக்கும். இந்தத் தவளை குளிர்காலம் முழுக்கச் சருகுக்குக் கீழே உறைந்து கிடக்கும். இதயம்கூட நின்றுவிடும். பிறகு சூடு பட்டதும் எழும்பிவிடும். முதல் மழைக்கு எங்கள் குளத்தங்கரையில் கேட்கிற சத்தம் இங்கே பனி கரையக் கேட்கிறது. "காட்டில கண்ணுக்கு முதல் காதைத் திற" என்பீர்களே, அதனால்தான் எனக்கு முதலில் கேட்டது.

பாதை ஓரம் குந்தியிருந்து பார்த்தேன். ஒரு சின்ன முளை, ஈட்டி போலச் சுருண்ட இலை, போன வருடத்துச் சருகு ஒன்றைக் குத்தித் துளைத்துக்கொண்டு மேலே வந்திருந்தது. சருகு அதன் கழுத்தில் வளையம் மாதிரி மாட்டிக்கொண்டு நின்றது. எடுத்துவிட மனம் வந்தது, ஆனால் கை வைக்கவில்லை. தானே கிழித்துக்கொண்டு வரும்.

மரங்கள் இலை விட்டு நிழல் மூட இன்னும் சில கிழமைகள்தான். அதற்குள் நிலத்துப் பூக்கள் எல்லாம் பூத்து முடிக்க வேண்டும். ட்ரில்லியம் இன்னும் மொட்டுத்தான். மூன்று இலை, மூன்று வெள்ளை இதழ், அப்படியொரு வடிவு. ஒன்ராறியோ மாகாணத்தின் பூ அதுதான். அதன் விதையை எறும்புதான் இழுத்துக்கொண்டு போய்ப் பரப்புகிறது. விதை விழுந்து முதல் பூ பூக்க ஏழு வருடத்துக்கு மேலாகுமாம். நான் வந்த வருடம் விழுந்த விதை இன்னும் பூக்கவில்லை.

பயப்படாதீர்கள், உண்ணிக்குக் கவனமாகத்தான் நடக்கிறேன். நீங்கள் சொல்லித் தந்த மாதிரியே காற்சட்டையைக் காலுறைக்குள் விட்டு, வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்புவரை பார்த்துவிட்டேன்.

ட்ரில்லியம் விரிந்ததும் படம் அனுப்புவேன். அங்கே பாலை மரம் காய்த்திருக்கிறதா? இந்த முறை முதல் பழம் யாருக்குக் கொடுத்தீர்கள் என்று கட்டாயம் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்