எங்கள் பிள்ளைகளோடு நின்ற உங்கள் எல்லோருக்கும்

நத்தார் முடிந்து, பள்ளிக்கூடமும் தொடங்கி, எங்கள் சிறுவர் இல்லம் இப்போதுதான் கொஞ்சம் அடங்கியிருக்கிறது. வீடு வீடாக வந்து நன்றி சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தோம். அது நடக்கிற காரியமில்லை என்று தெரிந்துபோனதால் எழுதுகிறேன். பெயர் எதுவும் போடப்போவதில்லை. பிள்ளைகளின் பெயரைப் போடவே கூடாது. உங்களில் பாதிப்பேர் உங்கள் பெயரைப் போட்டால் கோபித்துக்கொள்வீர்கள்.

தையல்கார அக்கா, முதலில் உங்களுக்கு. அரசாங்கம் தருகிற சீருடைத் துணியைக் கொண்டுவந்தபோது, ஒரு பிள்ளையை யாரும் தொட்டால் அவளுக்கு உடம்பு விறைத்துப்போகும் என்று மட்டும்தான் சொன்னோம். ஏன், எதற்கு என்று நீங்கள் கேட்கவில்லை. அளவு நாடாவை அவள் கையிலேயே கொடுத்து, "நீங்களே பிடியுங்கோ பிள்ளை, நான் இஞ்சயிருந்து பார்த்து எழுதுறன்" என்று தள்ளி நின்றுவிட்டீர்கள். தோள், கை, இடுப்பு எல்லாம் அவளே அளந்தாள். சட்டை சற்றுத் தொளதொளவென்றுதான் வந்தது, அதனாலென்ன, பள்ளிக்கூடம் விட்டு வந்தும் அதைக் கழற்ற மாட்டேன் என்கிறாள்.

தச்சு வேலை செய்யும் அண்ணைக்கும் அப்படித்தான். பெரிய பிள்ளைகளிடம் என்ன வேண்டும் என்று கேட்டபோது, குளிக்கிற அறைக்கு உள்பக்கமாக நல்ல கொண்டி வேண்டும் என்றார்கள். வேலை முடிந்து இருட்டில் வந்து எல்லாக் கதவுக்கும் பூட்டிக் கொடுத்துவிட்டு, ஒரு பிளேன்ரீயோடு போய்விட்டார்.

இன்னொருவர் இருக்கிறார், ஆள் யாரென்று நான் சொல்லாவிட்டாலும் அவருக்கே தெரியும். பக்கத்து வீட்டில் ஒரு பிள்ளைக்கு நடந்தது பொறுக்காமல் 1929க்கு, அதுதான் சிறுவர்களுக்கான உதவித் தொலைபேசிக்கு, அழைத்த அன்ரி. குடும்ப மானம் போய்விடும், பேசாமல் ஜெபம் பண்ணுவோம் என்று சொன்னவர்கள் சபைக்குள்ளேயே இருந்தார்கள். ஜெபத்தில் எனக்கு நம்பிக்கை இல்லாமலில்லை, அதில்தான் இந்த இல்லமே ஓடுகிறது, ஆனால் குற்றத்தை மூடிவைக்கிற மூடியாக அதை எடுக்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த அன்ரியை ஊர் ஒதுக்கியபோது அவர் வீட்டுக்குப் போய் இருந்து தேநீர் குடித்த எங்கள் போதகர் ஐயாவுக்கும் நன்றி.

ஒரு பிள்ளையை நாங்களாகக் கூட்டிவந்து வைத்துக்கொள்ள முடியாது என்பது பலருக்குத் தெரியாது. நீதவானின் கட்டளை வேண்டும், நன்னடத்தை அலுவலரின் அறிக்கை வேண்டும், சட்ட வைத்திய அதிகாரியிடம் காட்ட வேண்டியும் வரலாம். பிறந்த பதிவே இல்லாத பிள்ளை என்றால் உத்தேச வயதுச் சான்றிதழுக்கு அலைய வேண்டும். அந்த அலைச்சலில் எங்களோடு கூட வந்த கிராம சேவையாளருக்கும், பிரதேச செயலகத்துச் சிறுவர் உரிமை உத்தியோகத்தருக்கும், பிள்ளை பயப்படாமல் இருக்கச் சீருடையில்லாமல் வந்து பேசிய பொலிஸ் தங்கைக்கும் கடமைப்பட்டிருக்கிறோம்.

சைவக்காரரான உங்களையும் மறக்கவில்லை. 2022இல் காஸும் பால்மாவும் கிடைக்காமல் நாடே வரிசையில் நின்ற நேரம், பனைமட்டையும் விறகும் ஏற்றிவந்து முற்றத்தில் போட்டீர்கள். இங்கே திருநீறு பூசிக்கொண்டு வருகிற பிள்ளையும் உண்டு. அதை யாரும் அழிக்கச் சொல்வதில்லை. பின்னேர ஜெபத்துக்கு வருவதும் வராததும் அவரவர் விருப்பம். ஒரு நாள் 27ஆம் சங்கீதம் வாசித்தோம், தாயும் தகப்பனும் கைவிட்டாலும் கர்த்தர் சேர்த்துக்கொள்வார் என்று வருகிற இடம். எப்போதும் வாசலிலேயே நிற்கும் ஒரு பெடியன் உள்ளே வந்து, "உண்மையா அப்பிடிக் கிடக்கோ, நீங்கள் சும்மா சொல்லுறியளோ?" என்றான். புத்தகத்தைக் கையில் கொடுத்தேன். எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, குருத்தோலைச் சிலுவை ஒன்றை அந்தப் பக்கத்தில் செருகிவைத்தான். இப்போது மற்றவர்களுக்கு அதை வாசித்துக் காட்டுவது அவன்தான்.

கனடாவிலும் லண்டனிலும் இருந்து மாதாமாதம் அனுப்புகிறவர்களுக்கு: பிள்ளைகளின் படம் அனுப்ப மாட்டோம் என்று சொன்ன பிறகும் காசை நிறுத்தாமல் இருந்தீர்களே, அதற்குத்தான் பெரிய நன்றி. சிலர் நிறுத்தினார்கள். சரி, அது அவர்கள் இஷ்டம்.

கடைசியாக, அம்மா அப்பாவின் திவசத்துக்குச் சாப்பாடு கொண்டுவருகிறவர்களே, சோறும் கத்தரிக்காய்க் கறியும் பாயாசமும் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்தான். ஒரே நாளில் இரண்டு வீட்டுச் சாப்பாடு வந்து சேராமலிருக்க முன்கூட்டி ஒரு சொல் சொல்லுங்கள், சில நாட்களில் அதற்குப் பதிலாகப் பால்மாவோ கொப்பியோ தந்தாலும் சந்தோஷம். அப்புறம், உங்கள் எவர்சில்வர் வாளிகளும் மூடிகளும் எங்கள் குசினியில் மலையாகக் கிடக்கின்றன. கழுவித்தான் வைத்திருக்கிறோம், வந்து எடுத்துக்கொண்டு போங்கள்.